கொஞ்சம் தள்ளி நின்ற வண்டி

நீலாவதி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான். அதற்கு முன்பு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தார். பக்குவமாகத்தான் அடுக்குவார். ஆனால் கடையில் போய்ப் பெட்டியைத் திறந்தால் பாதிப் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்காது. டிரைவர்கள் மேடு பள்ளம் பார்க்காமல் விரட்டிக்கொண்டு போவார்கள். பேச்சு மட்டும் அடுக்கிய பெண்களுக்கு விழும்.

"நானே ஓட்டிக்கிட்டுப் போனா இந்தப் பேச்செல்லாம் வராது" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்.

அவருடைய கணவர் பழமலைக்கு அதே கம்பெனியில் சூளை வேலை. அதிகம் பேசாத மனிதர். மனைவி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்ததும், பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை நாலு இடம் அலைந்து பார்த்து வாங்கிக் கொடுத்தது அவர்தான். பாலக்கரை வண்டி ஸ்டாண்டில் ஆரம்பத்தில் கேலி இருந்தது. இரண்டு வருஷத்தில், பீங்கான் லோடு கேட்டு யாராவது வந்தால், "ஒடையிற சாமானா? அக்காகிட்ட குடுங்க" என்று அந்த டிரைவர்களே கை காட்ட ஆரம்பித்தார்கள்.

கோர்ட்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நீலாவதியின் வழக்குக் காகிதங்களை நகல் எடுத்துக் கொடுத்தவன் நான். மிச்சத்தை, வாய்தாவுக்குக் காத்திருக்கும் நேரங்களில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார்.

மாசி மாதம், காலை நேரம். சிதம்பரத்தில் ஒரு கடைக்குப் பொம்மை லோடு ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டின் பாதியை மறித்துப் பேரிகேட். வாகனச் சோதனை. எந்த ஸ்டேஷன் எல்லை என்பதை விட்டுவிடுகிறேன். ஒரு ஏட்டு கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். வளைவில் திரும்பிய உடனே கண்ட கை அது. நீலாவதி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை ஒரேயடியாக அமுக்காமல் விட்டு விட்டு மிதித்து, வண்டியைப் பேரிகேட் தாண்டிக் கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். வண்டி நிற்காமல் வருகிறதே என்று ஏட்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்த வேகத்தில் அவருடைய முழங்கால் பேரிகேட்டில் இடித்துக்கொண்டது.

நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எஸ்.ஐ. எழுந்து வந்தார்.

"நிறுத்துன்னா நிறுத்த மாட்டியா நீ? போலீஸ்காரன் மேலயே ஏத்துவியா?"

"நிறுத்திட்டேனே சார். பொம்ம லோடு சார். சடக்குனு மிதிச்சா எல்லாம் ஒடஞ்சி போயிடும்."

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார். எதிலும் குறை இல்லை. எஸ்.ஐ. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொம்பளைக்கெல்லாம் எவன்டி லைசென்ஸ் குடுத்தான்?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸுல குடுத்தாங்க சார்" என்றார் நீலாவதி.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் சோதனைக்காக வரிசையில் பைக்கோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதே இடத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பூவாயியும் சிரித்துவிட்டார். எஸ்.ஐ.யின் முகம் மாறியது.

"எறங்குடி" என்றார். பிறகு ஒரு காவலரிடம், "வண்டியை ஸ்டேஷனுக்கு எடுய்யா" என்றார்.

ஸ்டேஷனில் முதலில் செல்போனை வாங்கி மேசை மேல் வைத்தார்கள். நீலாவதியைச் சுவர் ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் காவலர் வந்து பக்கத்தில் நின்றார். "வூட்டுக்கு ஒரு போனு பண்ணிக்கிறேன் மேடம்" என்று கேட்டதற்கு, "ஐயா வரட்டும்" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் மேசை மேல் போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று பழமலையின் பெயர் எரிந்து எரிந்து அணைந்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுக்க யாரும் விடவில்லை.

"அடி வாங்கியிருந்தாகூட தாங்கியிருப்பேன்" என்றார் என்னிடம். "அந்தப் போனு அடிக்கிறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன் பாருங்க, அதுதான் மனசுல நிக்குது."

அங்கே பழமலை சூளையை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்திருந்தார். லோடு வரவில்லை என்று சிதம்பரத்திலிருந்து கம்பெனிக்குத் தகவல் வந்திருந்தது. விபத்து என்றுதான் நினைத்தார். ரோட்டோரத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்து, எதிர்ப்பட்டவர்களிடம் விசாரித்துக்கொண்டே போனவருக்கு, "உன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லப்பா, ஸ்டேஷனுக்கு இட்டுக்கிட்டுப் போனாங்க" என்று சொன்னது பூவாயிதான். அந்தச் செய்தி கேட்டு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது என்று பழமலை பிறகு சொல்லிச் சிரித்தார். ஆள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா.

ஸ்டேஷனில் அவரிடம் சொன்னது வேறு. பணியில் இருந்த ஏட்டு தங்கதுரையின் மேல் வண்டியை மோதி, பணி செய்ய விடாமல் தடுத்ததாக எஃப்.ஐ.ஆர். தயாராகிவிட்டது. அதோடு அசட்டையாக வண்டி ஓட்டியதற்கும் ஒரு பிரிவு. முதல் பிரிவு ஜாமீனில் வர முடியாத பிரிவு. நீலாவதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மருத்துவச் சான்று வாங்கி, மத்தியானத்துக்குப் பிறகு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தக் கொண்டுவந்தார்கள்.

வக்கீல் வாசுகி நுழைந்தது இங்கேதான். கைதாகி வருகிறவர்களுக்கு முதல் நாளிலேயே துணை நிற்பதற்கென்று சட்ட உதவிக் குழுவில் வக்கீல்களைப் போட்டிருக்கிறார்கள். அன்று அவருடைய முறை. கோர்ட் வராந்தாவில் நீலாவதியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க மேடம். பேச்சுதான்."

"எதுக்குக் கைது பண்றோம்னு எழுதிக் குடுத்தாங்களா? வூட்டுல யாருக்காவது தகவல் சொன்னாங்களா?"

"ஒண்ணும் குடுக்கல. அவரே தேடிக்கிட்டு வந்துட்டாரு."

"ஜட்ஜு கேப்பாங்க. பயப்படாம, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. கூட்டியும் சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க."

மாஜிஸ்திரேட் ஒரு பெண். காகிதங்களைப் படித்துவிட்டு, போலீஸ் மேல் ஏதாவது புகார் உண்டா என்று நீலாவதியிடம் கேட்டார். நடந்ததை அவர் சொன்னார். பிறகு வாசுகி எழுந்தார். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும். உடனே கைது செய்வதானால் அதற்கு அவசியம் என்ன என்று எழுதிக் காட்ட வேண்டும். இதில் இரண்டு வருஷம்தான் தண்டனை. இவருக்கு இந்த ஊரில் வீடு இருக்கிறது, தொழில் இருக்கிறது, ஓடிப்போகிறவர் இல்லை என்றார்.

மாஜிஸ்திரேட் எஸ்.ஐ.யைப் பார்த்து, "ஏன் நோட்டீஸ் கொடுக்கவில்லை?" என்று கேட்டார். சொந்த ஜாமீனில் விட உத்தரவானது. பொழுது சாய்வதற்குள் கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீலாவதி தலைக்குக் குளித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது, லோடோடு. அதைத் திரும்பக் கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. உத்தரவு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, ஊர் ஆடுகள் பின்பக்கம் ஏறி வைக்கோலை உருவித் தின்றிருந்தன. பெட்டிகள் சரிந்து பாதிப் பொம்மை நொறுங்கிக் கிடந்தது. நீலாவதி அங்கேயே உட்கார்ந்து உடைந்தது வேறு, நல்லது வேறு என்று பிரித்துக் கட்டினார். பழமலை அவசரப்படுத்தியும் எழுந்திருக்கவில்லை. கம்பெனி முதலாளி நல்லவர், கோபப்படவில்லை. ஆனால் அடுத்த சில லோடுகளை வேறு வண்டியில் அனுப்பினார். "கேஸு முடியட்டுமே" என்றார். அது நீலாவதியைத் தைத்தது.

ஒரு சனிக்கிழமை வாசுகியின் ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பதால் வழக்கையும் அவரே நடத்துவதாக ஏற்பாடாகியிருந்தது.

"இனிமே நாம என்னா பண்ணலாம்னு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் வாசுகி. "சென்னை ஹைகோர்ட்டுல மனுப் போட்டு, இந்த எஃப்.ஐ.ஆரே செல்லாதுன்னு கேக்கலாம். ஆனா மேல பட்டுதா படலையான்னு சாட்சி வெச்சுத்தான் தெரியும். இதை விசாரணையில சொல்லிக்குங்கன்னு அனுப்பிடவும் வாய்ப்பிருக்குது. இல்லன்னா இங்கயே நின்னு கேஸை நடத்தலாம். வருஷக்கணக்குல ஆகலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரணும்."

"அந்த எஸ்.ஐ. பண்ணதுக்கு?" என்று கேட்டார் நீலாவதி.

"அது வேற வழி. எஸ்.பி.க்குப் புகார் எழுதலாம். மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், அதை ஒரு வருஷத்துக்குள்ள எழுதிடணும். வூட்டுக்குத் தகவல் சொல்லாதது, நோட்டீஸ் இல்லாம கைது பண்ணது, பேசுன பேச்சு, இதெல்லாம் அங்க. ஆனா அந்தப் புகாரால இந்தக் கேஸு நிக்காது. ரெண்டும் தனித்தனியா ஓடும்."

பழமலை அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்துக்கிட்டா என்னா ஆகும் மேடம்?"

வாசுகி பேனாவை மூடி வைத்தார். "அதுவும் ஒரு வழிதான். யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

யோசிப்பதற்குள் அந்த வழி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு நாள், கைலியும் சட்டையுமாக ஏட்டு தங்கதுரை வந்து நின்றார். யூனிஃபார்ம் இல்லாமல் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பழமலை நாற்காலி எடுத்துப் போட்டார். நீலாவதி டீ போட்டுக் கொடுத்தார். போலீஸ்காரர் என்றாலும் வீடு தேடி வந்தவர்.

"எஸ்.ஐ. ஐயாதான் அனுப்பிச்சாரு" என்றார் அவர். "பெரிய செக்‌ஷனை எடுத்துடுறோம்னு சொல்றாரு. அசட்டையா ஓட்டுனதை மட்டும் ஒத்துக்கம்மா. ஃபைன கட்டிட்டுப் போயிடலாம். நீயும் அந்தப் புகார் கிகாருன்னு எழுதாத."

நீலாவதி அவரையே பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. என் வண்டி உங்க மேல பட்டுதா சார்?"

தங்கதுரை டீயை ஊதி ஊதிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லும்மா. போயிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு கணவன் மனைவிக்குள் பேச்சு வந்தது. சண்டை என்று சொல்ல முடியாது.

"ஒத்துக்கிட்டுப் போயிடலாம் நீலா. அந்த ரோட்டுலதான தெனமும் போகணும், வரணும்."

"போகணும்தான் மாமா. அதுக்குத்தான் சொல்றேன். அசட்டையா ஓட்டுனேன்னு நானே என் வாயால சொல்லிட்டா, அப்புறம் ஒடையிற சாமான எவன் என்னை நம்பிக் குடுப்பான்?"

பழமலை யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். அதற்குப் பிறகு வழக்கு முடியும்வரை ஒத்துக்கொள்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எல்லா வாய்தாவுக்கும் கூடவே வந்து என் கடை வாசலில் நின்றார்.

ஏட்டு வந்துபோனதை வாசுகியிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு கேஸுல சாட்சி. மறுபடி வந்தா உள்ள விடாதீங்க, ஒரு வார்த்தையும் பேசாதீங்க. நீங்கதான் சாட்சியைக் கலைக்கப் பாத்தீங்கன்னு திருப்பிடுவாங்க." எஸ்.பி.க்கும் ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டிய புகார்கள் அன்றைக்கே எழுதப்பட்டன. கையெழுத்துப் போடும்போது பேனா நன்றாக எழுதவில்லை என்று நீலாவதி இன்னொரு பேனா கேட்டு வாங்கித் தெளிவாகப் போட்டார்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்து, வாய்தா மேல் வாய்தாவாக ஓடியது. ஒருநாள் ஜட்ஜ் லீவு, ஒருநாள் சாட்சி வரவில்லை. எஸ்.ஐ. வந்து சாட்சி சொன்னார். வண்டி வேண்டுமென்றே வேகமாக வந்தது, ஏட்டின் மேல் இடித்தது என்றார். நீலாவதி தரப்பில் சொல்வதற்குப் பூவாயி ஒருவர்தான் இருந்தார். வாசுகி சொல்லி, நீலாவதி அவரைப் பார்க்கப் போனார்.

"கோர்ட்டுக்கு மட்டும் இழுக்காத தாயி" என்றார் பூவாயி. "எனக்கு வியாபாரம் அதே வளைவுலதான். அவங்க ஒரு பார்வ பாத்தா நான் கடைய எடுத்துக்கிட்டு எங்க போவேன்?"

நீலாவதி இளநீர் ஒன்றைக் குடித்துவிட்டுத் திரும்பினார். சம்மன் அனுப்பி வரவழைக்கலாம் என்று வாசுகி சொன்னதற்கு, "வேணாம் மேடம். அன்னிக்கு அவருக்கு வழி சொன்னதே அந்தம்மாதான்" என்றுவிட்டார். வாசுகிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சாட்சியும் இல்லாமல் எப்படி என்று என் கடையில் வந்து அலுத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், தங்கதுரை சாட்சிக் கூண்டில் ஏறினார். அன்று நானும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். அரசு வக்கீல் கேட்ட முதல் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார்: பெயர், பணி, இடம், நேரம். பிறகு, "எதிரி ஓட்டிவந்த வண்டி உங்கள் மேல் மோதியதா?" என்று கேட்டார்கள்.

தங்கதுரை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "மோதலீங்க. வண்டி மெதுவாத்தான் வந்துது. நாந்தான் பயந்துபோய்ப் பின்னால நவுந்தேன். பேரிகேட்டுல முட்டி இடிச்சுக்கிச்சு. வண்டி என் மேல படல."

அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். விசாரணையில் வேறு மாதிரி வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்டார். "எழுதுனது நான் இல்லீங்க. இங்க சத்தியம் வாங்கிக்கிட்டுக் கேக்கறீங்க, சொல்றேன்" என்றார் தங்கதுரை. பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டு, அரசு வக்கீலே அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். அவர் சொன்னதையே சொன்னார். வாசுகிக்குக் கேட்க அதிகம் மிச்சமிருக்கவில்லை.

நீலாவதி அழவில்லை. வெளியே வந்து வாய் கொப்பளித்தார். தங்கதுரை படியிறங்கிப் போகும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை, பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தாரே. தங்கதுரை கூண்டில் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரிட்டயர் ஆகக் கொஞ்ச காலம்தான் இருந்தது என்றார்கள் சிலர். எஸ்.ஐ.யோடு ஏதோ மனஸ்தாபம் என்றார்கள் சிலர். அவருடைய வாயால் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. தீர்ப்பு நகலில் ஒன்றைக் கம்பெனி முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார் நீலாவதி. அவர் படித்துப் பார்க்கக்கூட இல்லை. "நாளைக்கு லோடு இருக்குது, வந்துடும்மா" என்றார்.

ஆணையத்தில் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை. அதை விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். பழமலையே ஒருமுறை கேட்டார். "மோதலன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ஒரு போனு பண்ண ஏன் விடலன்னு யாரும் இன்னும் கேக்கலியே மாமா" என்றார் நீலாவதி.

சித்திரையில் முதல் விசாரணைக்கு அழைப்பு வந்தது. விடிகாலை ரயிலில் இருவரும் சென்னைக்குப் போனார்கள். ஆணைய வராந்தாவில் எதிர் பெஞ்சில் எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார், மஃப்டியில். அவருக்கும் நோட்டீஸ் போயிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார் என்றார் நீலாவதி. உள்ளே கூப்பிட்டதும், போலீஸ் தரப்பு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டது. இரண்டு மாதம் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான் அன்றைய வேலை.

திரும்பும்போது எழும்பூர் பிளாட்பாரத்தில் எஸ்.ஐ.யே கிட்டே வந்தார். நீலாவதி எழுந்து நின்றார். பழமலையும் எழுந்து பக்கத்தில் நின்றார்.

"கேஸுதான் முடிஞ்சிடுச்சே. இதையும் வாபஸ் வாங்கிக்கலாமில்ல?" என்றார். இந்த முறை 'டி' போடவில்லை.

"நீங்க சொல்றதை அங்க சொல்லுங்க சார்" என்றார் நீலாவதி. "எழுதிக்குவாங்க."

அவர் பிளாட்பாரத்தின் மறுகோடிப் பக்கம் நடந்து போனார். ரயில் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பழமலை தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். பாதி சாப்பிட்டதும் நீலாவதிக்குக் கண் சொருகியது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். மறுநாள் விடியற்காலை நல்லூர் பக்கம் ஒரு லோடு ஒப்புக்கொண்டிருந்தார்.